நாணயச்சாலையின் வெள்ளி நினைவு நாணயங்கள்: வாங்கி வைத்தால் நாளை மதிப்பு இருக்குமா?

எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர்., கலைஞர் என்று ஒவ்வொருவரின் நூற்றாண்டு விழாவுக்கும் வரும் 100 ரூபாய் வெள்ளி நாணயங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு: 44 மி.மீ. விட்டம், 35 கிராம் எடை, விளிம்பில் 200 வரிகள். உலோகத்தில் பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம். இந்திய அரசு நாணயச்சாலையே தன் இணையக் கடையில் யுஎன்சி (வழக்கமான முறையில் அடித்து, புழக்கத்துக்கு விடாதது), ப்ரூஃப் (கண்ணாடிப் பளபளப்போடு அடித்தது) என இரண்டு தரத்தில் விற்கிறது. அழகுக்காகவும் அந்த மனிதர் மீதான மரியாதைக்காகவும் வாங்குபவருக்குக் கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பொருள். பத்து வருடம் பூட்டி வைத்து லாபம் பார்க்க நினைப்பவர் மட்டும் மேலே படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் உள்ளே இருக்கும் வெள்ளிக் கணக்கு. 35 கிராமில் பாதி, அதாவது 17.5 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கி, நாணயச்சாலை கேட்கும் விலையில் கழித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பது வேலைப்பாட்டுக்கும் பொதியுறைக்கும் வரிக்கும் நீங்கள் கொடுப்பது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயம் அதே 35 கிராம்தான், ஆனால் 80 சதவீதம் வெள்ளி. 28 கிராம் தேறும். ரிசர்வ் வங்கியின் 90ஆம் ஆண்டுக்கு 2024இல் வந்த 90 ரூபாய் நாணயம் 40 கிராம், 99.9 சதவீதச் சுத்த வெள்ளி. வெள்ளிக்காகவே வாங்குவதென்றால் இந்த வரிசையில் கடைசியில் இருப்பதே மேல். பாதிக் கலப்பு நாணயத்தை நகைக்கடையில் நீட்டினால் சேதாரம் சொல்லிக் குறைப்பார்கள். அதோடு 2011 நாணயச் சட்டப்படி நாணயத்தை உருக்குவதே குற்றம். ஆகவே உலோக மதிப்பு மனத்துக்கு ஒரு தைரியம், அவ்வளவே.

அரிதாக ஆகுமா என்பதுதான் முக்கியமான கேள்வி. அரசிதழ் அறிவிப்பில் விட்டம், உலோகம், வடிவமைப்பு எல்லாம் இருக்கும். எத்தனை அடிப்பார்கள் என்பது இருக்காது. பிரிட்டனின் நாணயச்சாலையான ராயல் மின்ட் பல தொகுப்புகளுக்கு உச்ச எண்ணிக்கையை முன்பே அறிவிக்கிறது. அந்த உறுதி இங்கே இல்லாதது பெரிய குறை. இன்னொன்று, இந்த வெள்ளி நாணயத்தை வாங்கும் யாரும் செலவழிக்கப் போவதில்லை. வாங்கிய அத்தனை பேரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் எப்படி அரிதாகும்? மாறாக, பிரிட்டனில் 2009இல் வந்த கியூ தோட்டம் 50 பென்ஸ் நாணயம் புழக்கத்துக்கு 2,10,000 மட்டுமே விடப்பட்டது. அந்த எண் வெளியே தெரிந்த பிறகுதான் சேகரிப்பாளர்கள் தேட ஆரம்பித்தார்கள். சில்லறையோடு சில்லறையாகப் போனதால் தேயாத பிரதிக்கு இன்று தனி மதிப்பு.

யுஎன்சியா, ப்ரூஃபா? ப்ரூஃப் நாணயத்தை மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய தகட்டில், ஒரு முறைக்கு மேல் அழுத்தி அடிக்கிறார்கள். பின்புலம் கண்ணாடி மாதிரி, உருவம் பனி படர்ந்த மாதிரி. ஆனால் 40 சதவீதம் செம்பு இருக்கும் கலவைக்குக் கண்ணாடி முகம் கொடுத்தால் சின்னப் புள்ளி விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். கறை இல்லாத ப்ரூஃப் பிற்காலத்தில் குறைவாகத்தான் மிஞ்சும் என்பதால் அதற்கு நல்ல விலை கிடைக்கலாம். ஒழுங்காக வைக்கத் தெரிந்தவருக்கு மட்டும். மற்றவர்கள் யுஎன்சி வாங்குங்கள்.

வந்த பெட்டியிலேயே விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அட்டை, பசை, வெல்வெட் துணி ஆகியவற்றிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். பிவிசி உறை இன்னும் மோசம், பச்சையாகப் பிசுபிசுப்பு படிந்து உலோகத்தை அரிக்கும். சரியாக 44 மி.மீ.க்குப் பொருந்தும் அக்ரிலிக் கேப்சூல் வாங்கி, பருத்திக் கையுறையோடு விளிம்பை மட்டும் பிடித்து மாற்றுங்கள். மாற்றும்போது நாணயத்துக்கு மேல் பேசவே கூடாது. எச்சில் துளி விழுந்த இடம் சில மாதத்தில் புள்ளியாகும். கேப்சூலைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் புதிதாகப் போடுங்கள். பழைய பெட்டியையும் துண்டுத்தாளையும் தூக்கி எறியாமல் தனியாக வையுங்கள். விற்கும்போது அவற்றையும் கேட்பார்கள்.

பிசுபிசுப்பு ஏற்கெனவே படிந்திருந்தால் சுத்த அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கி உதவாது) கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் முக்கி எடுத்து, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. புளி, விபூதி, பற்பசை எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள். குத்துவிளக்குக்குச் சரிப்படும் விபூதி, நாணயத்தில் மயிரிழைக் கீறல்களை விட்டுவிடும். ஒரு முறை தேய்த்த நாணயத்தை எந்தத் தர நிர்ணய நிறுவனமும் உயர்ந்த தரத்தில் சேர்க்காது.

வெளியாரிடம் வாங்கினால் சோதிக்காமல் பணம் தராதீர்கள். எடையும் விட்டமும் போலியிலும் ஒத்துப்போகலாம், அடர்த்தி காட்டிக் கொடுத்துவிடும். 0.01 கிராம் துல்லியத் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்க விடுங்கள். பாதி வெள்ளி நாணயத்துக்குத் தராசு சுமார் 3.67 காட்டும். செம்பு-நிக்கல் போலிக்கு 3.9ஐத் தொடும். பெரிய கோயில் 1000 ரூபாய்க்கு 3.45 அளவில் நிற்கும். காய்ச்சி வடித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். ப்ரூஃபுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

எங்கள் பரிந்துரை இதுதான். மனசுக்குப் பிடித்த கருப்பொருளில் ஒரு யுஎன்சி வாங்குங்கள், இரண்டாவது வேண்டாம். மிச்சப் பணத்தையும் நேரத்தையும் புழக்கத்துக்கு வந்த 5 ரூபாய் நினைவு நாணயங்களில் போடுங்கள்: காமராசர் (2003), தமிழ்க் கையெழுத்தோடு வந்த பேரறிஞர் அண்ணா (2009), பெரிய கோயில் (2010). இவற்றைக் கைபடாத பளபளப்போடு எடுத்து வைத்தவர்கள் குறைவு. வாங்கும்போது, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறியை ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: வைரக்கட்டம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒவ்வொரு கருப்பொருளும் எந்தெந்தக் குறியில் கிடைக்கிறது என்று பட்டியல் போட்டுத் தேடுங்கள். ஒரே நாணயத்தில் ஒரு குறி தாராளமாகவும் இன்னொன்று அபூர்வமாகவும் கிடைப்பது அப்போதுதான் கண்ணில் படும்.