அனுமதிக் கடிதம் காட்டி ஏமாற்றிய டிரோன் படப்பிடிப்பாளர்: குளுவாங்கிலிருந்து ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள எங்கள் குளுவாங் நகரத்தை டிரோன் மூலம் படமெடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் நான் 2,150 ரிங்கிட் கொடுத்து ஏமாந்தேன். திருமணம், கும்பாபிஷேகம், பள்ளி மலர் என்று எதற்கெடுத்தாலும் வான்வழிப் படம் கேட்கும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டதால், நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை.

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வெளியிடும் மலருக்கு, பழைய ரயில் நிலையமும் அதைச் சுற்றியுள்ள கடை வரிசைகளும் மேலிருந்து தெரியும்படி ஒரு படம் வேண்டியிருந்தது. மலர்க்குழுவில் வயதில் மூத்தவன் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 1938 முதல் நடந்துவரும் ரயில் நிலையக் காப்பிக் கடையில் அவரைச் சந்தித்தேன். படப்பிடிப்புக்கு 1,800 ரிங்கிட், அனுமதிக் கட்டணம் 900 ரிங்கிட் என்று அவர் சொன்னபோது, இரண்டாவது தொகை எதற்கு என்று கேட்டேன். "சார், பெர்மிட் எல்லாம் நாங்க பாத்துக்குறோம், நீங்க கவலையே படாதீங்க" என்றார். அனுமதித் தொகை முழுவதையும் படப்பிடிப்பில் பாதியையும் அன்றே கொடுத்தேன். மறுவாரம் அரசுச் சின்னத்துடன் மலாய் மொழியில் ஒரு கடிதத்தைக் கைப்பேசிக்கு அனுப்பினார். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டேன்.

குறித்த நாளில் நிலைய வளாகத்தில் டிரோனை வைத்து இயக்கினார்; அது எழும்ப மறுத்தது. திரையில் சிவப்பு வட்டம் ஒன்று தோன்றி, இது தடைசெய்யப்பட்ட பகுதி என்று காட்டியது. தரைப்படையின் விமானத் தளம் குளுவாங்கில் இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஹெலிகாப்டர் சத்தம் கேட்காத வாரமே எங்களுக்கு இல்லை. அவரோ அதைத் தயாரிப்பு நிறுவனம் போட்ட வெறும் பூட்டு என்றும், 350 ரிங்கிட் செலவழித்தால் திறந்துவிடலாம் என்றும் சொல்லி, அதையும் வாங்கிக்கொண்டார். ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் தாமே தனியாக வந்து எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்துப் பதினாறு படங்கள் வந்தன. முதல் பார்வைக்கு மிக அழகாகவே இருந்தன. ஆனால் கெமாஸ்–ஜொகூர் பாரு மின்சார இரட்டைத் தண்டவாளத் திட்டத்துக்காக எங்கள் ஊரில் எழுந்த புதிய நிலையம் அவற்றில் எங்கும் இல்லை. தண்டவாளத்தின் மேல் மின்கம்பிகளும் இல்லை. யாரோ பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படங்களை, தாம் நேற்று எடுத்ததாகச் சொல்லி எங்களிடம் விற்க முயன்றிருக்கிறார்.

அதன் பிறகே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். அதில் இருந்த வரைபடம் நகரத்தினுடையதே அல்ல. டிவிஷன் எண்களும் நடவு ஆண்டுகளும் குறித்த ஒரு செம்பனைத் தோட்டத்தினுடையது. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது என்னவென்று புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. வேறொரு நிறுவனம் வேறொரு மாவட்டத்தில் தோட்டத்தை அளப்பதற்குப் பெற்ற கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறார். முன்பே முழுவதும் படித்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது.

சட்டத்தைப் பிறகு விசாரித்தபோது, அவர் ஒப்புக்கொண்ட வேலையே முன் அனுமதியின்றிச் செய்யக்கூடியதல்ல என்று தெரிந்தது. 2016ஆம் ஆண்டின் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின்படி, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியின்றி விமானத் தளங்களைச் சுற்றியுள்ள விமானப் போக்குவரத்து வட்டத்துக்குள்ளும் 400 அடிக்கு மேலும் டிரோன் பறக்கக் கூடாது. கேமரா பொருத்திய டிரோன், அந்த அனுமதியின்றி, நம் கட்டுப்பாட்டில் இல்லாத கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ 50 மீட்டருக்குள்ளும், ஆயிரம் பேருக்கு மேல் கூடும் இடத்துக்கு 150 மீட்டருக்குள்ளும் நெருங்கக் கூடாது. கடை முன் நடைபாதையான அஞ்சடி ஒன்றோடொன்று ஒட்டிய நம் கடைத்தெருவில் எவருக்கும் 50 மீட்டர் விலகிப் பறக்க எங்கே இடம்? தைப்பூசக் கூட்டத்தின்மேல் டிரோன் விடக் கேட்பவர்களும் அந்த 150 மீட்டரை நினைத்துக்கொள்ளட்டும். விதியை மீறும் தனிநபருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இது போக, வான்வழிப் படம் எடுப்பதற்கு நில அளவை, வரைபடத் துறையின் தனி அனுமதியும் உண்டு. அதற்குப் பாதுகாப்புச் சோதனையும் சேர்ந்தே வரும். செயலியின் பூட்டு திறந்துவிட்டது என்பதால் இவற்றில் ஒன்றுகூட கிடைத்துவிட்டதாக ஆகாது.

ஆகவே யாரேனும் அனுமதிக் கடிதம் காட்டினால், எல்லாப் பக்கங்களையும் கேளுங்கள். இடம், தேதி, உயரம், பெற்றவரின் பெயர் நான்கும் உங்கள் வேலையோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஆணையத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அனுமதிக் கட்டணத்தைப் படப்பிடிப்புக் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். நான் ரசீதுகூட வாங்கவில்லை. வங்கிப் பரிமாற்றப் பதிவுகளும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருந்ததால்தான் போலீஸ் புகாரே செய்ய முடிந்தது. பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்திலும் ஐந்து ரிங்கிட் கட்டி மனு கொடுத்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. மீதி 900 ரிங்கிட்டைக் கேட்டு அவர் இருமுறை அழைத்தார். மனு எண்ணை அனுப்பிய பிறகு அழைப்பு வரவில்லை.

மலரின் அட்டைக்கு, தெரிந்தவர் கடையின் மூன்றாம் மாடியில் நின்று, நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் கேமராவைக் கட்டி நாங்களே ஒரு படம் எடுத்தோம். கடை வரிசை சற்றே சாய்ந்திருக்கிறது. மூலையில் மின்கம்பி தெளிவாகத் தெரிகிறது.