‘மெடிக்கல் அசிஸ்டெண்ட்’ கோர்ஸில் பிள்ளையைச் சேர்க்கும் முன் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாயிற்று. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுகளில் இனி நோட்டீஸ் கொடுக்க ஆள் நிற்கும். ‘ஒரே வருடத்தில் மெடிக்கல் அசிஸ்டெண்ட், எந்த குரூப் படித்திருந்தாலும் சரி, 100 சதவீதம் வேலை.’ என் தங்கை அப்படி ஒரு இடத்தில்தான் படித்தாள். 42,000 ரூபாயும் ஒரு வருடமும் போனதுதான் மிச்சம். பெயரைப் போடவில்லை. போட்டாலும் அடுத்த வருடம் போர்டை மாற்றிவிடுவார்கள். எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

“எல்லாம் கவர்மெண்ட் ரிஜிஸ்டர்டு ஐயா” என்று மேனேஜர் அப்பாவிடம் சுவரைக் காட்டினார். ஃபிரேம் போட்ட மூன்று காகிதம். ஒன்று, சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்த டிரஸ்ட் பத்திரம். இன்னொன்று, சிறுதொழில் செய்கிற யாரும் ஆன்லைனில் இலவசமாக எடுக்கிற உத்யம் பதிவு. மூன்றாவது ஐஎஸ்ஓ தரச் சான்று. மூன்றும் அசல்தான். ஆனால் கோர்ஸுக்கு அங்கீகாரம் என்று எதிலும் ஒரு வரி கிடையாது. உத்யம் பதிவு எங்கள் தெரு மாவு மில்லுக்கும் இருக்கிறது!

பணம் வாங்குவதில் கெட்டிக்காரர்கள். ஜூனில் 15,000 மட்டும். குறுவைச் செலவு இருக்கும் நேரம் என்று அவர்களுக்குத் தெரியும். “மீதியை சம்பா அறுத்ததும் கட்டுங்க, அவசரமே இல்லை.” கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் அப்பா கணக்கில் ஏறிய வாரமே போன் வந்துவிட்டது. யூனிஃபார்ம், பிராக்டிகல், எக்ஸாம் என்று தனித்தனியாகக் கறந்தார்கள். முதல் பணத்துக்குத்தான் அச்சடித்த ரசீது, மற்றதெல்லாம் வெள்ளைத் தாளில் கையெழுத்து.

வகுப்பு என்பது ஒரு மாடி அறை. மொத்தப் பேருக்கும் ஒரே பிபி கருவி. கையில் சுற்றும் பட்டை தேய்ந்து ஒட்டாது. ஒருத்தி அதை இறுக்கிப் பிடிக்க, இன்னொருத்தி காற்றடிக்க, மூன்றாமவள் ஸ்டெத் வைத்துக் கேட்பாள். பிராக்டிகல் ஒரு கிளினிக்கில். டோக்கன் கொடுப்பதும் தரை துடைப்பதும்தான் அங்கே வேலை. “சம்பளம் இல்லாத வேலைக்கு நாமே ஃபீஸ் கட்டுறோம்ண்ணே” என்றாள் தங்கை.

கடைசியில் டெல்லி முகவரி போட்ட ஏதோ ஒரு ‘கவுன்சில்’ சான்றிதழ் வந்தது. தங்க ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டெண்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் எங்கம்மா?” என்றார். இல்லை. “அப்போ வார்டு ஆயா வேலைதான் தர முடியும்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. நர்ஸாக வேலை பார்க்க தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு வேண்டும். 2 வருட ஏஎன்எம், 3 வருட ஜிஎன்எம், 4 வருட பி.எஸ்சி நர்சிங், இப்படி அங்கீகாரம் உள்ள படிப்பு முடித்தால்தான் அந்தப் பதிவு. டாக்டர் கிளினிக்கில் அசிஸ்டெண்டாகச் சேர்வது வேறு விஷயம். கோர்ஸே இல்லாமல் எடுத்துக்கொண்டு பிபி, சுகர் பார்க்கக் கற்றுத்தருகிற டாக்டர்கள் நம்மூரில் உண்டு. நல்ல ஆரம்பம்தான். ஆனால் பத்து வருடம் அங்கே நின்றாலும் அந்த அனுபவத்தைக் காட்டிப் பதிவு வாங்க முடியாது. அதற்கு எப்படியும் படித்தாக வேண்டும்.

ஒரு வருடத்தில் முடிய வேண்டும் என்றால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரிகளிலேயே ஈசிஜி, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் போன்ற சான்றிதழ் படிப்புகள் உண்டு. மார்க் பார்த்து எடுப்பார்கள், ஃபீஸும் இவ்வளவு ஆகாது. என்ன, அவர்கள் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுப்பதில்லை. தனியார் இடம் என்றால், கோர்ஸை அங்கீகரித்தது யார் என்று கேட்டு அந்த உத்தரவின் நகலை வாங்குங்கள். எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் என்று சொன்னால், பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வெரிஃபிகேஷன் என்று வாங்கிக்கொண்டு, பாக்கி கட்டினால்தான் தருவோம் என்று தங்கையை இழுத்தடித்தார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, அதன் நகலை மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். மறுநாளே மார்க் ஷீட் வந்துவிட்டது. பணத்துக்குப் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம், புகாரை வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் தரும் சிஎஸ்ஆர் ரசீது கையில் இருக்கிறது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் அந்த வெள்ளைத் தாள் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஒரே கையெழுத்து நாலு பேரிடம் இருந்தால் புகாருக்கு வலு.