வேலைக்கு ஆள் எடுக்க கேம் விளையாட விடுறாங்க – விளையாடிப் பாத்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிர்றன், 5க்கு 3. அந்த 3ம் கேமுக்கு, குறைச்ச 2ம் அத அனுப்பின கம்பெனிக்கு.

கொழும்பு கம்பெனி ஒண்டுக்கு, வீட்டில இருந்தே செய்யிற கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு சிவி அனுப்பினா இன்டர்வியூக்கு முன்னால ஒரு லிங்க் வருது, கேம் கொஞ்சம் இருக்கு விளையாடி முடிங்க எண்டு. கம்பெனி பேர் வேணாம் விடுங்க. கல்லடில எங்கட மாமி எட்டிப் பாத்துட்டு "என்ன புள்ள, வேலைக்கெண்டு சொல்லிப்போட்டு போன்ல கேம் அடிக்காய்?" எண்டு கேட்டவ, அவவுக்கு விளங்கப்படுத்தி முடியிறதுக்குள்ள ரெண்டு கேம் முடிஞ்சிரும்.

பலூன் கேம்தான் இருக்கிறதுலயே நல்லம். பட்டன அமத்த அமத்த பலூன் ஊதும், ஒவ்வொரு அமத்துக்கும் கொஞ்சம் காசு சேரும், வெடிக்க முதல் எடுத்துட்டா காசு உங்களுக்கு, வெடிச்சா அந்த பலூன்ட காசு போச்சு. பாக்க சின்னப்புள்ளைகள்ட விளையாட்டு, ஆனா இது 2002ல லெஜுவேஸ் எண்டவரும் அவரோட சேந்த உளவியல் ஆராய்ச்சிக்காரரும், ஒரு ஆள் எவ்வளவு துணிஞ்சு ரிஸ்க் எடுப்பார் எண்டு அளக்கிறதுக்கு செஞ்ச டெஸ்ட். அவங்க செஞ்சதுல மூண்டு கலர், ஒண்டு 8 அமத்துக்குள்ள வெடிச்சிரும், மத்தது 32க்குள்ள, இன்னொண்டு 128 மட்டும் தாங்கக்கூடியது, எந்தக் கலர் எவ்வளவு எண்டு ஆரும் சொல்ல மாட்டாங்க, வெடிக்க வெடிக்க நாமளே பிடிச்சுக்கொள்ளணும். அதால ஒண்டு வெடிச்சதும் பயந்து நிப்பாட்டுறமா, கலர் வித்தியாசத்த பிடிக்கிறமா, திரும்பத் திரும்ப அதே இடத்தில வெடிக்க விடுறமா எண்டெல்லாம் பாக்கலாம். யூடியூப்ல "எப்பவும் 10 தரம் மட்டும் அமத்துங்க" எண்டு சொல்லிக் குடுக்கிறவங்கள நம்பாதீங்க, இதுக்கு ஒரே பாஸ் மார்க் எண்டு ஒண்டு இல்ல, கணக்காளர் வேலைக்கு தேடுற ஆளும் விற்பனைக்கு தேடுற ஆளும் வேற வேற.

மத்த கேம் எல்லாம் லேசு. ஒரு கலர் வந்தா அமத்தணும் மத்தது வந்தா விடணும், நம்பர ஞாபகம் வெச்சு திருப்பி அடிக்கணும், பந்த கம்புக்கு கம்பு மாத்தி படத்தில இருக்கிற மாதிரி அடுக்கணும் (இது டிம் ஷாலிஸ் 1982ல மூளைல அடிபட்ட ஆக்கள சோதிக்க பாவிச்ச டெஸ்ட், இப்ப வேலைக்கு ஆள் எடுக்க வந்து நிக்குது).

எனக்குப் பிடிச்சது என்னண்டா பலூன் உங்கட ஊர் எது, என்ன பள்ளிக்கூடம், உள்ளுக்குள்ள ஆரத் தெரியும் எண்டு கேக்காது. வந்தாறுமூலை கெம்பஸ்ல படிச்சாலும் ஒலுவில் கெம்பஸ்ல படிச்சாலும் பலூனுக்கு ஒண்டுதான். இஞ்ச இன்டர்வியூக்கு போனவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு தெரியும்.

ஆனா மார்க் போடுற விதத்துலதான் கதை இருக்கு. இப்பிடி ஆள் எடுக்கிறதுக்கு கேம் செஞ்சு குடுக்கிற கம்பெனிகள்ல பேர் போனது பைமெட்ரிக்ஸ், ஃப்ரீடா போலி எண்ட நரம்பியல் ஆராய்ச்சிக்காரி சேந்து தொடங்கினது, 2022ல ஹார்வர் எண்ட கம்பெனி வாங்கிட்டு. பைமெட்ரிக்ஸ்ட முறை, முதல்ல ஆள் எடுக்கிற கம்பெனில ஏற்கனவே நல்லா வேலை செய்யிற ஆக்கள விளையாட விட்டு, அவங்க விளையாடின மாதிரிய எடுத்து நம்மள அதோட ஒப்பிடுறது. அப்ப அந்த நல்ல ஆக்கள் எல்லாரும் கொழும்புல ஏசிக்குள்ள பைபர் லைன்ல இருந்து விளையாடினவங்க எண்டா? சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடு எண்டு ஆடுற இடத்தில, ஸ்கிரீன் வெடிச்ச போன்ல, விரல் பட்டு கொஞ்சம் லேட்டாத்தான் வேலை செய்யுது, மில்லிசெக்கன் கணக்குப் பாக்கிற கேம்ல அது என்ட மூளையா போனா எண்டு எப்பிடிப் பிரிப்பாங்க? லேப்டாப்புல செய்யுங்க எண்டு லிங்க்ல ஒரு வரி போட்டிருக்கலாம், போடல்ல. எல்லாம் இங்கிலிஷ்ல மட்டும், அதுவும் வாசிச்சு முடிக்க முதல் கேம் தொடங்கிருது.

அக்கரைப்பத்துல என்ட கூட்டாளி ஒருத்தனுக்கு சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியா. பைமெட்ரிக்ஸ்ல கலர் தெரியாதவங்களுக்கு வேற மாதிரி தாங்க எண்டு முதல்லயே கேட்டுக்கொள்ளலாம். எனக்கு வந்த லிங்க்ல அப்பிடி ஒண்டயும் காணல்ல, அவனுக்கு வந்திருந்தா கலர் கேம்லயே முடிஞ்சிருக்கும்.

ரிசல்ட்? "நன்றி" எண்டு ஒரு ஈமெயில், அவ்வளவுதான். நியூயோர்க் நகரத்துல 2023 ஜூலைல இருந்து, இப்பிடி சாப்ட்வேர வெச்சு ஆள் வடிகட்டுற கம்பெனி அதுல பாரபட்சம் இருக்கா எண்டு வருசம் ஒருக்கா வெளி ஆள வெச்சு ஆடிட் பண்ணணும், விண்ணப்பிக்கிறவங்களுக்கும் முன்கூட்டியே சொல்லணும். நம்மட நாட்டிலயும் 2022ல வந்த தனிப்பட்ட தரவு பாதுகாப்பு சட்டத்துல, மெஷின் மட்டும் எடுத்த முடிவ மீளாய்வு செய்யச் சொல்லி கேக்கிற உரிமை எழுதியிருக்கு. நான் ரிப்போர்ட் தாங்க எண்டு ஈமெயில் போட்டிருக்கன், இன்னும் பதில் இல்ல, வந்தா இதுக்கு கீழயே போடுறன்.

உங்களுக்கும் லிங்க் வந்தா ராத்திரி களைப்போட செய்யாதீங்க, கூட்டாளிட லேப்டாப்ப கேட்டு வாங்குங்க, போனுக்கு வாற கோல் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு இருங்க. எனக்கு நம்பர் கேம் நடுவுல ரீலோட் ஆபர் மெசேஜ் ஒண்டு வந்து ஸ்கிரீன மறைச்சிட்டு.