மண்டை ஓட்டை அடையாளம் காண: புகைப்படமா, பழைய ஸ்கேனா?

அடையாளம் தெரியாத மண்டை ஓடு கிடைத்து, காணாமல் போன ஒருவர் மீது சந்தேகம் விழுந்தால், குடும்பத்தாரிடம் அவருடைய புகைப்படம் கேட்பார்கள். ‘தலையில் எப்போதாவது சி.டி. ஸ்கேன் எடுத்தாரா?’ என்று அதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பேன்.

புகைப்படத்தோடு மண்டை ஓட்டைப் பொருத்திப் பார்க்கும் சூப்பர் இம்போசிஷன் சோதனை, 1935-இல் பிரிட்டனை உலுக்கிய ரக்ஸ்டன் கொலை வழக்கில் புகழ்பெற்றது. நமக்கும் அது புதிதல்ல. 1996-இல் சிதம்பரத்தில் கொல்லப்பட்ட மருத்துவ மாணவரின் உடல் சென்னையில் கிடைத்தது. தலை வேறிடத்தில் கிடைத்தது. அந்த வழக்கில் இந்தச் சோதனையோடு டி.என்.ஏ. சோதனையும் நடந்தது. ஒன்றை மட்டும் நம்பி நிற்காதது நல்ல முன்னுதாரணம்.

அக்காலத்தில் மண்டை ஓட்டைத் தாங்கியில் வைத்து, படத்திலுள்ள முகத்தின் கோணம் வரும்வரை கையால் சாய்த்துத் திருப்புவார்கள். இப்போது ஸ்கேன் செய்த முப்பரிமாண உருவத்தைக் கணினித் திரையில் சுழற்றலாம். கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் மாற்றிப் பார்க்கலாம். இது பெரிய முன்னேற்றம். கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கித் தெரியும். ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் அப்படி இராது. ஆனாலும் தாடையின் மீதும் கன்னத்தின் மீதும் இருந்த சதையின் தடிமனுக்குச் சராசரிக் கணக்குதான் துணை. பொருந்தாவிட்டால் ‘இவர் இல்லை’ என்று துணிந்து விலக்கலாம். பொருந்தினால் ‘இவராக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதே நியாயம்.

பழைய சி.டி. ஸ்கேன் இருந்தால் நிலைமையே வேறு. எலும்பை எலும்போடு ஒப்பிடுகிறோம். சதை பற்றிய ஊகமே தேவையில்லை. புருவங்களுக்கு மேலே நெற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் விளிம்பு, அலையலையாக, இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் வேறுவிதமாகவும் இருக்கும். ஒரே கருவில் உருவான இரட்டையரிடமும் இது வேறுபடும். ஏறக்குறைய இருபது வயதுக்குள் வடிவம் நிலைத்துவிடும். குறைகளும் உண்டு: சிலருக்கு இந்த அறை உருவாவதே இல்லை, சிறுவர்களுக்கு முழுமையாக வளர்ந்திராது, நெற்றி நொறுங்கியிருந்தால் பயனில்லை.

பழைய ஸ்கேனுக்கு எங்கே போவது என்ற கேள்வி சென்னையில் அவ்வளவு பெரிதல்ல. பைக் விபத்து, தீராத தலைவலி, மூக்கடைப்பு என்று ஸ்கேன் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். பீரோ மேல் கிடக்கும் அந்தப் பெரிய கவரில் ஃபிலிமோடு, ஸ்கேன் தரவு பதிந்த குறுந்தட்டும் இருக்கலாம். தட்டுதான் முக்கியம். தலையை அடுக்கடுக்காக வெட்டினாற்போலக் காட்டும், ஃபிலிமில் அச்சான படங்களை அப்படியே பார்க்கத்தான் முடியும். தட்டிலுள்ள முழுத் தரவிலிருந்து முப்பரிமாண உருவம் செய்து, எந்தக் கோணத்திலும் திருப்பி ஒப்பிடலாம்.

கிடைத்த மண்டை ஓட்டைப் பதிவு செய்ய லேசர் ஸ்கேனரும் உண்டு. எங்கும் எடுத்துச் செல்லலாம், ஆனால் மேற்பரப்பைத்தான் பிடிக்கும். உள்ளே இருக்கும் சைனஸைக் காண எக்ஸ்ரேயோ சி.டி.யோ வேண்டும்.

டி.என்.ஏ. இவை எல்லாவற்றையும்விட வலுவானதுதான். ஆனால் ஒப்பிடப் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் வேண்டும். கடுமையாக எரிந்த எலும்பில் அது மிஞ்சாமலும் போகலாம். அதோடு, பல்லையோ உட்காதைச் சூழ்ந்த கெட்டியான எலும்பையோ அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே, அறுப்பதற்கு முன் முழு மண்டை ஓட்டையும் சி.டி. எடுத்துச் சேமித்துவிட வேண்டும். அறுத்த பிறகு அந்த எலும்பின் பழைய வடிவம் திரும்பக் கிடைக்காது.