கேபினட்டைத் தவிர எல்லாம் நன்று: ஒரு பட்ஜெட் கேமிங் பிசியோடு வாழ்ந்த அனுபவம்

போன வாரம் என் பிசியின் கேபினட் ஃபேன்கள் மூன்றையும் கழற்றி எறிந்துவிட்டேன். நடு ஃபேன் கரகரவென்று அரைக்க ஆரம்பித்திருந்தது. அது ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் மற்ற பாகங்களுக்குச் சேர வேண்டிய நல்ல பெயரை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, மின்சாரம் கொடுக்க 550 வாட் எஸ்எம்பிஎஸ். எல்லோருக்கும் தெரிந்த கூட்டணிதான். 1080பி மானிட்டருக்கு இந்தக் கார்டு இன்றைக்கும் போதும். கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதைக்குப் பிசிஐஇ என்று பெயர்; கார்டு பிசிஐஇ 4.0, போர்டு பழைய 3.0 என்று பலர் பயமுறுத்துவார்கள். இந்தக் கார்டில் அந்தப் பாதைக்கு எட்டு லேன் (தடம்) இருக்கிறது, அதனால் பழைய போர்டிலும் சொல்லும்படி எதுவும் குறையாது. நான்கு லேனும் 4 ஜிபி மெமரியும் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுதான் அங்கே திணறும். அதை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் பி450இல் மாட்டாதீர்கள். ரேமை இரண்டு குச்சியாகப் போடுங்கள். போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்தால்தான் பெரும்பாலான குச்சிகளில் 3200 வேகம் கிடைக்கும். கடையில் அசெம்பிள் செய்து வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, கேபினட்டுக்கு வருகிறேன்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பட்ஜெட் பிசி என்றதும் முதலில் எடுத்து வைப்பது இந்த மாதிரிப் பெட்டியைத்தான். முன்னால் முழுக் கண்ணாடி, பக்கத்தில் இன்னொரு கண்ணாடி, கலர் கலராக எரியும் மூன்று ஆர்ஜிபி ஃபேன். விலையும் குறைவு. பிராண்டைச் சொல்லிப் பயனில்லை, இதே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கரோடு கிடைக்கிறது. ஷோகேஸில் பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை.

பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். மூன்று ஃபேன் வயரும் ஒரு சின்ன ஹப்பில் போய்ச் சேருகின்றன. அந்த ஹப்பிலிருந்து வரும் வயர் மதர்போர்டுக்குப் போவதில்லை. வெள்ளை பிளாஸ்டிக்கில் நான்கு தடித்த பின்கள் கொண்ட மோலக்ஸ் முனையாக நேரே எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகியிருக்கிறது. அதன் மஞ்சள் வயரில் 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். அதாவது பிசியை ஆன் செய்த நொடியிலிருந்து அணைக்கும்வரை மூன்று ஃபேனும் முழு வேகம்தான். பயாஸில் போய் வேகத்தைக் குறைக்கலாம் என்றால் அங்கே இந்த ஃபேன்கள் இருப்பதே தெரியாது. ரிமோட் ஒன்று கொடுக்கிறார்கள், அதில் கலரை மட்டும்தான் மாற்றலாம்.

என் கார்டில் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேன் தானாகவே நின்றுவிடும். முழு வேலையில் 132 வாட் வரை இழுக்கிற கார்டே இப்படி அமைதியாக உட்கார்ந்திருக்க, ஒரு வேலையும் செய்யாத பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது. இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. சரி, இவ்வளவு இரைச்சலுக்கு உள்ளே காற்றாவது போகிறதா? முன்னால் கண்ணாடி. ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு. சென்னை மே மாதத்தில் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடினால் கார்டின் சூடு பளிச்சென்று இறங்குகிறது. பெட்டியை மூடி வைப்பதே கெடுதல் என்றால் அந்தப் பெட்டி எதற்கு?

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளையாடுகிறவனுக்கு இந்தச் சத்தம் கேட்காது, அவன் காதில் ஹெட்செட் இருக்கும். கேட்பது வீட்டில் மற்றவர்களுக்கு. எங்கள் வீட்டில் பிசி இருப்பது ஹாலில், அப்பா படுப்பதும் ஹாலில். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ராத்திரி தலையணையை மறுபக்கம் மாற்றிப் போட்டுப் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ரிப்பேர் கதைக்கு வருகிறேன். அந்த ஹப்பில் மாட்டும் ஆறு பின் முனை வேறு எந்த ஃபேனோடும் பொருந்தவில்லை. வாங்கிய கடையில் தனி ஃபேன் கிடையாது, கேபினட்டுக்கு வாரண்டியும் கிடையாது என்றார்கள். ஒரு ஃபேன் போனால் மூன்றும் குப்பைதான். விளக்கே இல்லாத கறுப்பு ஃபேன்கள் மூன்றை, போர்டிலிருந்தே வேகத்தை மாற்றக்கூடிய நான்கு பின் உள்ளவையாகப் பார்த்து வாங்கி, ஒரு ஸ்ப்ளிட்டர் வயரும் வைத்து மதர்போர்டிலேயே மாட்டிவிட்டேன். முன்கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. இனி தூசி அதிகமாக வரும், அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, துடைத்துக்கொள்கிறேன்.

இதற்கு நடுவில் சித்தி மகன் கூப்பிட்டான். "அண்ணா, உங்க பிசி மாதிரியே எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க" என்றான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிராசசரைக் குறை சொல்லவில்லை, கார்டையும் குறை சொல்லவில்லை. ஆனாலும் இதே பிசி இன்னொரு வீட்டு ஹாலுக்குப் போவதை நான் விரும்பவில்லை. முன்பக்கம் வலை வைத்த மெஷ் கேபினட் எடு என்றேன். பட்ஜெட் தாண்டுகிறது என்றான். 2025 கடைசியில் ஏறிய ரேம் விலையால் அவன் கணக்கு ஏற்கெனவே இடிக்கிறது. அப்படியானால் 5600க்குப் பதில் 5500 எடு என்றேன். அதில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரியான எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான், சில கேமில் ஃப்ரேம் குறையும். பிசிஐஇ 3.0 மட்டும்தான் என்றாலும் பி450இல் அதற்கு மேல் எப்படியும் கிடைக்காது. மிச்சமாகும் பணம் கேபினட்டுக்கு உதவும்.

பில் போடுவதற்கு முன் பின்தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல், ஃபேன் வயரின் முனையை உன் கண்ணால் பார், மோலக்ஸ் என்றால் அடுத்த கடைக்குப் போ என்றும் சொல்லியிருக்கிறேன்.