மருந்து கல்லீரலைக் கெடுக்குமா? எலி, செல் உருண்டை, சிப்: எதைக் கேட்பது?

1993-இல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி நோய்க்கான ஃபியாலுரிடின் என்ற மருந்தை 15 நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். விலங்குச் சோதனைகளில் பெரிதாக எந்த எச்சரிக்கையும் வந்திருக்கவில்லை. ஆனால் 7 பேருக்குக் கல்லீரல் கடுமையாகப் பழுதாகி, 5 பேர் இறந்துபோனார்கள். மற்ற இருவரும் மாற்றுக் கல்லீரல் பொருத்தித்தான் பிழைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு காரணம் தெரிந்தது. இந்த மருந்தை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்லும் கடத்திப் புரதம் மனித செல்லில் இருக்கிறது, சுண்டெலியின் மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை. சுண்டெலி தன் கல்லீரலைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நமக்குத் தெரியவேண்டியிருந்தது மனிதக் கல்லீரலைப் பற்றி.

இந்தக் கதையைச் சொல்லி, 'அதனால்தான் ஆர்கன் சிப் வேண்டும்' என்று முடிப்பவர்கள் உண்டு. ஆர்கன் சிப் என்பது நுண்கால்வாய்களில் திரவம் ஓட, மனித உறுப்பின் செல்களை வளர்க்கும் சின்னக் கருவி. நான் அவ்வளவு வேகமாக முடிக்கமாட்டேன். ஏன் என்று கீழே வருகிறேன்.

முதலில் விலங்கு. 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதர்களில் நச்சுத்தன்மை காட்டிய 150 மருந்துகளை எடுத்துப் பார்த்தது. கொறிவிலங்கு, பிற விலங்கு இரண்டையும் சேர்த்தால் அந்த நச்சுகளில் 71% முன்கூட்டியே தெரிந்திருந்தன. கொறிவிலங்கை மட்டும் நம்பியிருந்தால் 43% தான். கல்லீரல் விஷயத்தில் பொருத்தம் சராசரிக்கும் கீழே. ஆனாலும் குடலில் உறிஞ்சி, கல்லீரலில் உடைந்து, சிறுநீரகத்தில் வெளியேறும் முழுப் பயணத்தை உயிருள்ள உடல்தான் காட்டுகிறது. கருவில் வளரும் சிசுவுக்கு என்ன ஆகும், ஆறு மாதம் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு இன்று எந்தச் சிப்பிலும் முழுப் பதில் கிடையாது.

தட்டையான தட்டில் வளர்க்கும் செல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, வேகம், ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை வடிகட்டலாம். ஆனால் மனிதக் கல்லீரல் செல்லைத் தட்டில் பரப்பினால் சில நாட்களிலேயே மருந்தை உடைக்கும் நொதிகளை இழந்துவிடுகிறது. மெதுவாக வரும் நச்சு அதில் தெரியாது.

அப்புறம், மெய்யான போட்டி. சிப்புக்கு எதிரே நிற்பது விலங்கு என்றுதான் பலரும் பேசுகிறார்கள். ஆய்வகத்தில் பணத்தை எதில் போடுவது என்று உட்கார்ந்து யோசிக்கும்போது சிப்புக்கு எதிரே நிற்பது ஸ்பீராய்டு, அதாவது கல்லீரல் செல்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டு உருவாக்கும் சின்ன உருண்டை. 384 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாக வளர்க்கலாம், ரோபோவே மருந்தை ஊற்றிவிடும். வாரக்கணக்கில் நொதிகள் வேலை செய்யும். அந்த ஃபியாலுரிடினின் நச்சும் நீண்ட நாள் மருந்து கொடுத்த மனித செல் உருண்டையில் தெரிந்தது. நான் அவசரப்படாததற்குக் காரணம் இதுதான். உருண்டைக்கும் குறை உண்டு. பெரிதாகிவிட்டால் ஆக்ஸிஜன் நடுவரைக்கும் போகாது, மையத்திலிருக்கும் செல்கள் மருந்தே இல்லாமல் சாகும். ரத்த ஓட்டமும் கிடையாது.

சிப் அந்த ஓட்டத்தைத் தருகிறது. 2010-இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழு வெளியிட்ட நுரையீரல் சிப்பில் நுண்துளைச் சவ்வின் ஒரு பக்கம் நுரையீரல் செல், மறுபக்கம் ரத்தநாளச் செல். பக்கவாட்டு அறைகளில் காற்றை உறிஞ்சி விட்டால் சவ்வு மூச்சுவிடுவதுபோல் இழுபடும். கல்லீரல் சிப்பில் மேலே கல்லீரல் செல், கீழே ரத்தநாளச் செல்லும், குப்ஃபர் (கல்லீரலின் நோயெதிர்ப்புச் செல்) போன்ற துணைச் செல்களும் இருக்கும். எமுலேட் நிறுவனம் 2022-இல் 870 சிப்களில் 27 மருந்துகளைச் சோதித்து, நச்சு மருந்துகளில் 87 சதவீதத்தைப் பிடித்ததாகவும், பாதுகாப்பான ஒன்றைக்கூடத் தவறாகக் குற்றம் சாட்டவில்லை என்றும் சொன்னது. செல் உருண்டைகளை விடவும் மேல் என்பது அவர்கள் முடிவு. சிப்பை விற்கும் நிறுவனமே செய்த ஆய்வு இது என்பதை மனதில் வைத்துத்தான் படிக்கவேண்டும். இருந்தாலும் இந்த அளவில் வெளிப்படையாக எண்களை வைத்ததை மதிக்கிறேன்.

இனி யாரும் விளம்பரத்தில் சொல்லாத சங்கதி. பெரும்பாலான சிப்கள் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரால் ஆனவை. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளை அது உறிஞ்சிக்கொள்ளும். நாம் 10 மைக்ரோமோலார் செறிவில் மருந்து ஊற்றியதாகக் குறிப்பேட்டில் எழுதுவோம், செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது அதில் ஒரு பங்காக இருக்கும். செல் நன்றாக இருக்கிறது, மருந்து பாதுகாப்பானது என்று எழுதிவிடுவோம். நச்சுச் சோதனையில் இதைவிட மோசமான பிழை இல்லை. வெளியேறும் திரவத்தில் மருந்தின் அளவை அளக்காமல் எந்தச் சிப் முடிவையும் நான் ஏற்கமாட்டேன். இன்னொன்று, காற்றுக்குமிழி. நுண்கால்வாயில் ஒரே ஒரு குமிழி சிக்கினால் போதும், ஓட்டம் தடைபட்டு அந்தச் சிப்பின் செல்கள் பாழ். கைப்பழக்கம் வரும்வரை வீணாகும் சிப்களையும் செலவுக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சட்டத் தடை பெருமளவு விலகிவிட்டது. 2022 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை மாற்றி, சிப் போன்ற முறைகளின் தரவையும் வைக்கலாம் என்றது. 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மோனோகுளோனல் ஆன்டிபாடிகளில் (குறிப்பிட்ட ஓர் இலக்கில் மட்டும் ஒட்டும் புரத மருந்துகள்) தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. வைக்கலாம் என்பதற்கும், வைத்தால் போதும் என்பதற்கும் இடைவெளி இன்னும் இருக்கிறது.

சரி, நான் என்ன செய்வேன்? நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை வடிகட்ட ஸ்பீராய்டு. கடைசியில் மிஞ்சும் நாலைந்துக்கு, அதுவும் எலியும் நாயும் வேறுவேறு பதில் சொல்லும்போது, சிப். மனிதருக்கு மட்டுமே பொருந்தும் ஆன்டிபாடி, ரத்தநாளச் சுவரோடு தொடர்புடைய நச்சு என்றால் சிப்பை முன்னாலேயே கொண்டுவருவேன். கரு, நீண்டகால நச்சு இரண்டுக்கும் விலங்கை இப்போதைக்கு விடமாட்டேன்.

சிப் வாங்கியதும் சொந்த மருந்தைப் போடவேண்டாம். டிரோவாஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் என்ற ஜோடியை எடுங்கள். ஒரே குடும்பம், முதலாவது கல்லீரலைக் கெடுப்பதால் பயன்பாடு முடக்கப்பட்டது, இரண்டாவது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குப்பிகளில் பெயரை மறைத்து, குறைந்தது மூன்று கொடையாளர்களின் செல்களில் ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் குழுவால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்த பிறகு, புது மருந்தை எடுக்கலாம்.