சனிக்கிழமை விரிதாள் வகுப்பு: இணையப் பாடங்களோடு மூன்று ஆண்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளிப் படிவம் ஒன்று, இரண்டு மாணவர்களுக்கு விரிதாள் (எக்செல் போன்ற அட்டவணைக் கணக்குச் செயலி) அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள். நானே கணினி படித்தவன் அல்லன் என்பதால், மூன்று ஆண்டுகளாக இணையப் பாடங்களை நம்பித்தான் வகுப்பு நடக்கிறது.

முதல் ஆண்டில் யூடியூப் காணொலிகளையே திரையில் ஓட்டினேன். தமிழ்நாட்டுக் காணொலிகள் மொழியால் நெருங்கி வந்தாலும், 1,00,000 என்று காற்புள்ளி விழுவதும் அதை இலட்சம் என்பதும், 100,000 என எழுதி நூறாயிரம் என்றே படித்த பிள்ளைகளைத் திகைக்க வைத்தன. அதைவிடப் பெரிய குறை, காணொலியில் யாருக்கும் பிழையே நேர்வதில்லை என்பதுதான்.

இரண்டாம் ஆண்டில் ஜி.சி.எஃப். குளோபல் தளத்தின் இலவச எக்செல் பாடங்களுக்கு மாறினோம். எழுத்தும் படமும் பயிற்சிக் கோப்பும் சேர்ந்திருப்பதால், மெதுவாகப் படிப்பவரும் தம் போக்கில் போக முடிகிறது. ஆங்கிலத்தை மட்டும் நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சிக் கோப்பை ஒதுக்கிவிட்டு, செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைக் கணக்கைக் கொடுத்த பிறகுதான் வகுப்பு சூடு பிடித்தது.

பி நெடுவரிசையில் ஒவ்வொருவரும் வெட்டிய எடை. ஒரு டன்னுக்கான கூலி ஈ1 கட்டத்தில். ஒரு மாணவி முதல் வரிசையில் பி2-ஐ ஈ1-ஆல் பெருக்கிச் சரியான விடை பெற்றாள். கீழே இழுத்ததும் மற்றவர்கள் கூலியெல்லாம் பூச்சியமாயிற்று. "எல்லாருக்கும் பேர் விழலயா சார்?" என்றாள். தோட்டத்தில் பேர் விழுவது என்றால் அன்றைய வேலை கூலிக் கணக்கில் பதிவாவது; அங்கே வளர்ந்த பிள்ளை அப்படித்தான் கேட்கும். பி2 நகர்ந்து பி3 ஆனபோது ஈ1-உம் நகர்ந்து வெறுங்கட்டமான ஈ2 ஆகிவிட்டதை அவளே கண்டுபிடித்தாள். கட்டத்தின் பெயர் இப்படி நகராமல் நிறுத்தும் டாலர் குறி எதற்கு என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. டாலர் குறியிட எஃப்4 விசையை அழுத்தச் சொல்லும் பாடங்கள், பல மடிக்கணினிகளில் கூடவே எஃப்என் விசையையும் அழுத்த வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

நம் ஊர்ச் சிக்கல்கள் சில எந்தப் பாடத்திலும் இல்லை. நம் அடையாள அட்டை எண் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களில் தொடங்கும். 2010-இல் பிறந்த பிள்ளையின் எண் 10 என்று தொடங்குவதால் தப்பித்தது. 2009-இல் பிறந்தவன் இடைக்கோடு இல்லாமல் தட்டியபோது முன்னிருந்த பூச்சியம் மறைந்து 12 இலக்கம் 11 ஆயிற்று. முதலில் ஒற்றை மேற்கோள் குறியிட்டால் போதும். கூகுள் ஷீட்ஸில் வட்டார அமைப்பு அமெரிக்கா என்றிருந்தால், ஜூன் 5 என்று எண்ணி 5/6 எனத் தட்டுவது மே 6 ஆகிவிடும், எச்சரிக்கையும் வராது. இப்போது முதல் வகுப்பிலேயே பிரிட்டன் என்று மாற்றச் சொல்லிவிடுகிறேன்.

பகிர்ந்த கோப்பிலும் ஒருமுறை சூடு பட்டோம். ஒருவன் பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தியதில், எல்லாருடைய கூலியும் வேறொருவர் பெயருக்குப் போய்விட்டது. பதிப்பு வரலாற்றைத் திறந்து பழைய நிலைக்குத் திருப்பினோம். அதன்பின் இணைப்பின் இறுதியில் உள்ள எடிட் என்ற சொல்லை காப்பி என்று மாற்றி அனுப்புகிறேன். திறப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப்படி கிடைத்துவிடுகிறது.